66 ஆண்டுகள் வெட்டாத நகம்... வெட்டிய பிறகும் திறக்காத கை! | வடசென்னை டைரி

ஆடி பிறந்துவிட்டால் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கால் வைக்க இடம் இருக்காது. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று வடசென்னையின் பாதிக் குடும்பங்கள் துணி எடுக்க அங்கேதான் வந்து நிற்கும். புடவைக் கடைக்கும் சுடிதார் கடைக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஃபேன்ஸி ஸ்டோர்களில் வளையல், பொட்டு, க்ளிப்போடு சேர்த்து இப்போது இன்னொன்றும் தொங்குகிறது. ரெடிமேட் நகம்!

சின்ன பிளாஸ்டிக் பாக்கெட். உள்ளே வரிசையாக நகங்கள். ரோஸ், கறுப்பு, வெள்ளை முனை, மினுமினுப்பு, நடுவில் ஒரு கல் வைத்தது எனப் பல ரகம். அதன் முன்னால் நின்று பெண்ணுக்கும் அம்மாவுக்கும் நடக்கும் பேச்சு எல்லாக் கடைகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"ம்மா, இது ஒரு பாக்கெட் எடுத்துக்கட்டா?"

"இன்னாத்துக்குடி? அத மாட்டிக்கினு எப்டி சோறு துண்ணுவ?"

அந்த அம்மா கேட்பது நியாயமான கேள்விதான். நீள நகத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எப்படிச் சாப்பிடுவார், குளிப்பார், தூங்குவார், பிள்ளையைத் தூக்குவார்? இந்தக் கேள்விக்குத் தன் வாழ்க்கையையே பதிலாகக் கொடுத்த ஒருவரின் கதை நம் நாட்டிலேயே இருக்கிறது.

ஒரு திட்டு... ஒரு சபதம்!

மகாராஷ்டிர மாநிலம் புனேயைச் சேர்ந்தவர் ஸ்ரீதர் சில்லால். 1937-ல் பிறந்தவர். 1952-ல் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, நண்பனோடு விளையாடிக்கொண்டிருந்தவர் தெரியாமல் ஓர் ஆசிரியர் மீது மோதிவிட்டார். அந்த ஆசிரியர் ஆசை ஆசையாக வளர்த்து வந்த நீள நகம் ஒன்று உடைந்துவிட்டது. ஆசிரியருக்குக் கடும் கோபம். 'இதை வளர்க்க எவ்வளவு பொறுமை வேண்டும் என்று உனக்கு எங்கே தெரியப்போகிறது? நீ எதையாவது அப்படிக் காத்து வளர்த்திருந்தால்தானே தெரியும்!' என்கிற தொனியில் திட்டித் தீர்த்தார்.

மற்ற பையன்களாக இருந்தால் வீட்டுக்குப் போவதற்குள் மறந்திருப்பார்கள். ஸ்ரீதர் மறக்கவில்லை. அன்றிலிருந்து இடது கை நகங்களை வெட்டுவதை நிறுத்தினார். வலது கை நகங்களை மட்டும் எல்லோரையும் போல வெட்டிக்கொண்டார். ஒரு கை சபதத்துக்கு, ஒரு கை சாப்பாட்டுக்கு!

அடுத்த 66 ஆண்டுகள் அந்தச் சபதம் நீடித்தது.

நகம் வளர வளர வாழ்க்கை சுருங்கியது. பெண் கொடுக்கப் பல குடும்பங்கள் தயங்கின. பிறகு திருமணம் நடந்தது. பிள்ளைகள், பேரப்பிள்ளைகளையும் பார்த்தார். புகைப்படக் கலைஞராக வேலை பார்த்தார். கேமராவை இரண்டு கைகளால் பிடிக்கும் தொழிலை ஒரே கையை வைத்துச் சமாளித்தார். இரவில் புரண்டு படுக்க முடியாது. அரை மணி நேரத்துக்கு ஒருமுறை விழித்து, இடது கையைப் படுக்கையின் மறுபக்கத்துக்கு மெதுவாக நகர்த்தி வைக்க வேண்டியிருந்தது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கூட்டத்தில் போக முடியாது. பஸ் ஏற முடியாது. யாராவது லேசாக இடித்தாலே பல வருடச் சேமிப்பு உடைந்துவிடும்.

ஒன்பது கஜத்தைவிட நீளம்!

2014 நவம்பர் 17-ம் தேதி புனேயில் கின்னஸ் அமைப்பினர் அவருடைய இடது கை நகங்களை அளந்தார்கள். கட்டை விரல் 197.8 செ.மீ., ஆள்காட்டி விரல் 164.5, நடு விரல் 186.6, மோதிர விரல் 181.6, சுண்டு விரல் 179.1. மொத்தம் 909.6 செ.மீ.! ஒரே கையில் உலகிலேயே மிக நீளமான நகங்கள் என்ற சாதனை அவர் பெயரில் பதிவானது.

9 மீட்டர் என்றால் எவ்வளவு? நம் வீட்டுப் புடவை சுமார் ஐந்தரை மீட்டர். பாட்டிகள் கட்டும் ஒன்பது கஜப் புடவை 8 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அதையும் தாண்டிய நீளத்தை ஒரு மனிதர் ஐந்து விரல்களில் சுமந்துகொண்டிருந்தார்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. கை விரல் நகம் மாதத்துக்குச் சராசரியாக சுமார் மூன்றரை மில்லிமீட்டர் வளரும். அப்படியென்றால் 62 ஆண்டுகளில் ஒரு விரலில் சுமார் 260 செ.மீ. வந்திருக்க வேண்டும். ஸ்ரீதரின் கட்டை விரலில் இருந்தது 197.8 செ.மீ. மாதத்துக்கு 2.7 மில்லிமீட்டர் கூட இல்லை. இதில் பெரிய மர்மம் கிடையாது. எல்லா விரல்களிலும் நகம் ஒரே வேகத்தில் வளராது. வயது ஏற ஏற அந்த வேகமும் குறையும்.

இதை ஒருவர் தன் விரலிலேயே அளந்து காட்டியிருக்கிறார். வில்லியம் பீன் என்ற அமெரிக்க மருத்துவர், 1941 முதல் 35 ஆண்டுகள் தன் கட்டை விரல் நகத்தில் அடையாளக் கோடு போட்டு அளந்துகொண்டே வந்தார். 32 வயதில் ஒரு நாளைக்கு 0.123 மில்லிமீட்டர் வளர்ந்த நகம், 67 வயதில் 0.095 மில்லிமீட்டராகக் குறைந்திருந்தது. ஸ்ரீதர் செய்ததும் ஒருவகையில் அதேதான். பீன் நோட்டில் குறித்தார். ஸ்ரீதர் விரலிலேயே வைத்துக்கொண்டார்.

நியூயார்க்கில் வெட்டிய நாள்

2018 ஜூலை 11. நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயரில் அப்போது இருந்த ரிப்ளீஸ் அருங்காட்சியகம். 80 வயதைத் தாண்டிய ஸ்ரீதர் கையை நீட்டி உட்கார்ந்தார். நகவெட்டிக்கு அங்கே வேலை இல்லை. மின்சாரத்தில் சுழலும் வெட்டுக் கருவியைக் கொண்டு ஒவ்வொரு நகமாக எடுத்தார்கள். நகங்கள் அருங்காட்சியகத்திலேயே காட்சிக்கு வைக்கப்பட்டன.

வெட்டியபோது வலித்திருக்குமா? நகத்தில் வலி கிடையாது. தோலுக்கு அடியில் இருக்கும் வேர்தான் உயிருள்ள பகுதி. அதன் ஒரு பகுதிதான் நகத்தின் அடியில் வெள்ளைப் பிறையாகத் தெரிகிறது. வெளியே வந்த நகம் கெரட்டின் என்ற புரதம். முடியும் மாட்டின் கொம்பின் மேலுறையும் கூட அதே பொருள்தான். வெட்டினால் வலிக்காது.

ஆனால், நகங்கள் போன பிறகும் கை திரும்பி வரவில்லை. இத்தனை ஆண்டுகள் பாரம் சுமந்ததும், நகம் உடையாமல் இருக்க விரல்களை அசைக்காமலே வைத்திருந்ததும், வயதும் சேர்ந்துகொண்டன. மூடிய அந்த இடது கையை அவரால் விரிக்க முடியவில்லை. விரல்களை மடக்கி நீட்டவும் முடியவில்லை. அது நிரந்தரப் பாதிப்பு.

சபதத்தில் ஜெயித்துவிட்டார். கையை இழந்துவிட்டார். இதை வெற்றி என்பதா, நஷ்டம் என்பதா? அதை முடிவு செய்யும் உரிமை அவருக்கு மட்டுமே உண்டு. ஆனால், ஒரு சிறுவனிடம் கோபத்தில் சொன்ன ஒரு வார்த்தை எவ்வளவு தூரம் போகும் என்பதை யோசிக்க, வீட்டில் பிள்ளைகள் இருக்கும் நம் எல்லோருக்கும் இதில் இடம் இருக்கிறது.

மகள் கடைசியாகத் தீட்டிய நகம்

எல்லா நீள நகங்களுக்குப் பின்னாலும் சபதம் இருக்காது. சிலருக்குப் பின்னால் துக்கம் இருக்கிறது.

அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த டயானா ஆம்ஸ்ட்ராங்கின் நகங்களை வாராவாரம் அழகுபடுத்துவது அவருடைய 16 வயது மகள். 1997-ல் ஒரு நாள் இரவு அம்மாவின் நகங்களைத் தீட்டி முடித்த அந்தப் பெண், மறுநாள் ஆஸ்துமா தாக்கி இறந்துபோனார். மகள் கடைசியாகத் தொட்டு அலங்கரித்த நகங்களை வெட்ட அம்மாவுக்கு மனம் வரவில்லை. ஏன் வெட்டவில்லை என்பதை மற்ற பிள்ளைகளிடம்கூடப் பல ஆண்டுகள் சொல்லவில்லை.

2022 மார்ச்சில் அளந்தபோது அவருடைய இரு கை நகங்களின் மொத்த நீளம் 1,306.58 செ.மீ. நம் ஊரில் ஓடும் 12 மீட்டர் தாழ்தளப் பேருந்தைவிட நீளம்! ஒருமுறை எல்லா நகங்களுக்கும் பாலிஷ் அடிக்க 15 முதல் 20 பாட்டில்கள் தேவைப்பட்டன. தேய்த்துச் சீராக்க மரவேலைக் கருவி. இந்த வேலைகளையெல்லாம் செய்துகொடுத்தவர்கள் பேரப்பிள்ளைகள். கார் ஓட்டுவதை அவர் நிறுத்திவிட்டார். ஓட்டினால் ஒரு கையை ஜன்னலுக்கு வெளியே வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அவருக்கு முன்னால் பெண்களில் புகழ்பெற்றிருந்தவர் லீ ரெட்மண்ட். 1979-லிருந்து வெட்டாமல் வளர்த்து, 2008-ல் 8.65 மீட்டர் தொட்டார். மறு வருடமே ஒரு கார் விபத்து. உயிர் பிழைத்தார், 30 ஆண்டு நகங்கள் நொடியில் உடைந்துபோயின.

நம்மிடமும் 'நகமும் சதையும் போல' என்று ஒரு சொலவடை உண்டு. பிரிக்க முடியாத உறவுக்குச் சொல்வது. அந்த மினசோட்டா அம்மாவுக்கு அது சொலவடையாக மட்டும் இருக்கவில்லை.

நெத்திலிக்குக் கத்தி எதற்கு?

இனி வடசென்னைக்குத் திரும்புவோம்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடிவதற்கு முன்பே கைகள் வேலையைத் தொடங்கிவிடும். ஐஸ் உடைக்கும் கை, கூடை தூக்கும் கை, இறால் உரிக்கும் கை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் வலை பின்னும் கை. அப்படியே வடக்கே போனால் திருவொற்றியூர், எண்ணூர் தொழிற்சாலைகளில் நட்டு முறுக்கும் கைகள். இந்தக் கைகளில் நகம் நீளமாக இருக்காது. வெட்டி அல்ல; வேலையே தேய்த்துவிடும்.

ஆனால், இங்கே நகம் வேண்டாத பொருளும் இல்லை. அளவான நகம் ஒரு கருவி. நெத்திலி ஆய்கிற அம்மாவைப் பாருங்கள். வஞ்சிரத்துக்கு அரிவாள்மனை வேண்டும். நெத்திலிக்குக் கட்டை விரல் நகம் போதும். தலையைக் கிள்ளி, குடலோடு இழுத்துப் போட்டுவிட்டு அடுத்த மீனுக்குப் போய்விடுவார். 'நகத்தால கிள்ளுறதுக்குக் கோடாலி எதுக்கு?' என்ற பழமொழிக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது.

இதே நகம் ரொம்ப நீண்டுவிட்டால் கருவியே எதிரியாகும். கடப்பாரையின் நுனியைத் தூக்கினால் அடியில் கல் பெயர்வதைப் பார்த்திருப்போம். நீண்ட நகத்தின் நுனி எங்கேயாவது சிக்கி இழுபட்டாலும் அதுதான் நடக்கிறது. நுனியில் படும் சின்ன இழுப்பு, அடியில் பல மடங்காகி நகத்தைச் சதையிலிருந்து பெயர்க்கிறது. சுழலும் இயந்திரம் பக்கத்தில் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அந்தக் காலத்துச் சீனாவில் சிங் வம்சத்து அரண்மனைப் பெண்கள் நீள நகம் வளர்த்து, அதற்குத் தங்கத்திலும் வெள்ளியிலும் உறை போட்டுக்கொண்டார்கள். பேரரசி சீஷியின் புகைப்படங்களில் இன்றும் அந்த உறைகளைப் பார்க்கலாம். அந்த நகங்கள் உலகத்துக்குச் சொன்ன சேதி ஒன்றே ஒன்றுதான்: 'இந்தக் கை வேலை செய்யத் தேவையில்லாத கை.'

எம்.சி. ரோட்டுக் கடையில் நிற்கும் பெண்ணுக்கும் அந்த ஆசை கொஞ்சம் இருந்தால் தப்பா என்ன? அம்மா நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கை வைத்திருப்பதைப் பார்த்து வளர்ந்த பெண், ஒரு கல்யாணத்துக்காவது தன் கை வேலை செய்யாத கை போல இருக்கட்டுமே என்று நினைக்கிறாள். பேரரசிக்கு ஆயுள் முழுக்கக் கிடைத்தது. இவள் இரண்டு நாள் கேட்கிறாள்.

கார் பெயின்ட்டிலிருந்து கை விரலுக்கு!

நெயில் பாலிஷுக்கும் எண்ணூருக்கும்கூட ஒரு தூரத்து உறவு உண்டு. 1920-களில் அமெரிக்காவில் கார்களுக்கு வேகமாகக் காயும் பெயின்ட் வந்தது. அதன் அடிப்படைப் பொருள் நைட்ரோசெல்லுலோஸ். அதே பொருளில்தான் இன்றைய பளபள நெயில் பாலிஷ் பிறந்தது. வண்டிகள் உருவாகும் எண்ணூர் பக்கத்துக்காரர்களுக்கு அந்த வாசனை புதிதல்ல. ஒட்டும் நகத்தின் கதையும் இப்படித்தான். 1950-களில் ஃபிரெட் ஸ்லாக் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், உடைந்த தன் நகத்தைச் சரிசெய்யப் பல் கட்டும் அக்ரிலிக்கைப் பயன்படுத்தினார். அக்ரிலிக் நகம் அங்கிருந்துதான் வளர்ந்தது.

நம் பாட்டிகளுக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. மருதாணி இலையைக் கொட்டைப்பாக்கோடு அரைத்து, விரல் நுனியில் தொப்பி போட்டு, துணி சுற்றிப் படுத்தால் காலையில் நகம் சிவந்திருக்கும். நகம் வளர வளர அந்தச் சிவப்பும் மேலே ஏறி, சில மாதங்களில் நகவெட்டியோடு போய்விடும். முழு நகமும் மாறச் சுமார் ஆறு மாதம் ஆகும் என்ற உண்மையை மருதாணி வைத்த எல்லாப் பெண்களும் பாடம் படிக்காமலே தெரிந்துவைத்திருந்தார்கள்.

ஆசைப்படலாம்... ஆனால், இதையெல்லாம் பார்த்துக்கோங்க!

• ரெடிமேட் நகத்தைக் கழற்றும்போது பிய்த்து இழுக்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் விரல்களை ஊறவைத்து, ஓரத்திலிருந்து மெதுவாக எடுங்கள். இழுத்தால் சொந்த நகத்தின் மேல் அடுக்கும் சேர்ந்து உரியும்.

• செருப்பு ஒட்டும் சூப்பர் க்ளூவை நகத்துக்குப் போடவே கூடாது. அந்த வகைப் பசை பருத்தித் துணியில் கொட்டினால் சூடேறித் தோலைச் சுட்டுவிடும்.

• பாலிஷும் ரிமூவரும் எளிதில் தீப்பிடிப்பவை. கேஸ் அடுப்பு எரியும்போது சமையலறையில் வைத்துப் போடாதீர்கள்.

• பார்லரில் நகத்தின் அடியில் இருக்கும் மெல்லிய தோலை வெட்ட வந்தால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கிருமி உள்ளே போகாமல் தடுக்கும் கதவு அது. மீன், இறால், துணி, பாத்திரம் என்று எப்போதும் தண்ணீரில் கை வைப்பவர்களுக்கு நகச்சுத்தி அடிக்கடி வருவதற்குக் காரணமே இந்தத் தோல் ஊறிப் பழுதாவதுதான். விரலில் எலுமிச்சம்பழம் சொருகிக்கொண்டு நாள் கணக்கில் காத்திருக்காமல், சீழ் கட்டினால் டாக்டரிடம் போங்கள்.

• ஜெல் பாலிஷ் தோலில் பட்டால் சிலருக்கு அலர்ஜி வரும். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு பல் அடைக்கும் பொருள்கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம். தோலில் படாமல் போடுவது முக்கியம். ஜெல் காய உதவும் டி.பி.ஓ. என்ற ரசாயனத்தை அழகுப் பொருள்களில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் தடை விதித்திருக்கிறது. பார்லரில் பாட்டிலை வாங்கி லேபிளைப் படிப்பதில் வெட்கம் வேண்டாம்.

• நர்ஸிங் படிப்பவர்கள், நோயாளியைத் தொடும் வேலையில் இருப்பவர்கள் ஒட்டும் நகம் வைக்கக் கூடாது. சொந்த நகத்தின் நுனியும் அரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். ஆபரேஷனுக்குப் போகிறவர்களும் பாலிஷை அழித்துவிட்டுப் போவது நல்லது. விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவியின் அளவு பாலிஷால் மாறலாம்.

கழற்ற முடிகிற நகம்

வடிவுடையம்மன் கோயில் தெருவிலோ, ராயபுரம் மண்டபத்திலோ ஒரு கல்யாணம். பத்து விரல்களிலும் கல் வைத்த நகத்தோடு வந்த பெண், போட்டோக்கள் எல்லாம் எடுத்து முடித்த பிறகு பந்தியில் உட்கார்கிறாள். அம்மாவின் கேள்வி இப்போது இலையில் வந்து நிற்கிறது: எப்படிச் சோறு துண்ணுவ? அவள் ஸ்பூன் கேட்கலாம். அல்லது அம்மாவே ஒரு வாய் பிசைந்து ஊட்டிவிடலாம். திட்டிக்கொண்டேதான் ஊட்டுவார். ஆனாலும் ஊட்டுவார்.

ராத்திரி வீட்டுக்கு வந்ததும் கிண்ணத்தில் வெந்நீர். ஒவ்வொன்றாகப் பத்து நகமும் கழன்று பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போய்விடும், அடுத்த விசேஷத்துக்கு. மறுநாள் காலையில் அவள் கை வழக்கம்போல விரியும், மடங்கும், பஸ் கம்பியைப் பிடிக்கும், டைப் அடிக்கும், நெத்திலி ஆயும்.

ஸ்ரீதர் சில்லாலின் நகங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. அவற்றை வளர்த்த கைதான் கடைசி வரை விரியவில்லை. அடுத்த முறை கடையில் அந்தப் பாக்கெட்டைக் கேட்கும் மகளுக்குத் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். கழற்றி வைக்க ஒரு டப்பாவும் சேர்த்து!